எத்தனை வாட்ஸ் என்பது கடைசிக் கேள்வி

"அண்ணா, 30 வாட்ஸ் போதுமா, இல்ல 60-ஆ எடுத்துடவா?"

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கஃபே, பிறந்தநாள் விழா, அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்று வாசிக்கக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதில் பாதி இதுதான். மீதிப் பாதி, "எந்த பிராண்டு?" இரண்டுக்கும் நான் உடனே பதில் சொல்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். வாசிப்பதோடு பாடவும் செய்வாயா? கரன்ட் இல்லாத இடத்தில் வாசிக்க வேண்டி வருமா? ஆம்பை எதில் வைத்துக் கொண்டுபோவாய்? இவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் வாட்ஸ் தானாக வந்து நிற்கும்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆமாண்ணா, பாடுவேன்" என்றுதான் பதில் வருகிறது. அப்படியானால் நீங்கள் வாங்கப்போவது குரலுக்கான ஆம்ப். கிட்டாரும் அதில் சேர்ந்து ஒலிக்கப்போகிறது, அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ள கிட்டார்காரர்களுக்கு மனசு வராது. கடையில் உட்கார்ந்து அரைமணி நேரம் கிட்டாரை மட்டும் வாசித்துப் பார்ப்பார்கள். மைக்கைச் செருகக்கூட மாட்டார்கள். ஆனால் கேட்கிற கூட்டத்தை யோசித்துப் பாருங்கள். கிட்டார் சற்று மெலிந்து கேட்டால் யாரும் எழுந்து போவதில்லை. பாட்டின் வரி புரியாவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே பேச்சுச் சத்தம் மேலே ஏறிவிடும். நம் ஊரில் பாட்டு கேட்பது என்றால் பெரும்பாலும் வரி கேட்பதுதான்.

வரி புரிவது மெய்யெழுத்துகளால். ச, ட, த, க இவற்றின் கூர்மையெல்லாம் ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. ட்வீட்டர் இல்லாமல் ஒரே ஒரு ஸ்பீக்கரை வைத்துச் செய்த பெட்டிகள் பல இந்த இடத்தில்தான் தடுமாறும். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இன்னும் மோசம். அதன் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் சரசரவென்று இறங்கிவிடும்; டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது காது கூசாமல் இருக்க அதுதான் வசதி. அதே பெட்டியில் அக்கூஸ்டிக் கிட்டாரைச் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோலக் கேட்கும். அக்கூஸ்டிக் ஆம்ப் என்று தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான்: கீழே வூஃபர், மேலே ட்வீட்டர், நடுவில் தன் சொந்தச் சாயம் எதையும் பூசாத ஒலி. சொல்லப்போனால் அது ஒரு குட்டி பி.ஏ. சிஸ்டம்.

ஆகவே பாடுகிறவர் பார்க்க வேண்டியது, இரண்டு சேனல் தனித்தனியாக இருக்கிறதா என்பதை. மைக்குக்குத் தனி வால்யூம், தனி பேஸ், தனி ட்ரெபிள், தனி ரிவெர்ப். கிட்டாருக்கும் குரலுக்கும் ஒரே ட்ரெபிள் குமிழ் வைத்திருக்கும் பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குரலுக்குக் கூட்டினால் கிட்டார் கீச்சிடும், கிட்டாருக்குக் குறைத்தால் குரல் அமுங்கும். மைக் எது என்பதும் முன்பே முடிவாகிவிட வேண்டும். ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் என்றால் எதிலும் ஓடும். கண்டென்சர் மைக் என்றால் கேபிள் வழியே மின்சாரம் தரும் ஃபாண்டம் பவர் வேண்டும். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி, போஸ் எஸ்1 ப்ரோ இரண்டிலுமே அது கிடையாது. வெளியே வாசிக்கிறவருக்கு டைனமிக் மைக்தான் உகந்தது என்பது என் கட்சி. 1966-லிருந்து விற்கிற எஸ்எம்58-ஐ இன்னும் உலகமெல்லாம் கையில் பிடித்திருக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

சரி, கிட்டார் பக்கம் வருவோம். நம்மிடம் இருக்கும் செமி-அக்கூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பீஸோ பிக்அப். பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் சாடில் இருக்கிறதே, அதன் அடியில் மெல்லிய பட்டையாகப் படுத்திருக்கும். அழுத்தம் மாறினால் மின்சாரம் தரும் பொருள் அது. அதன் குணம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அது தரும் சிக்னல் மிகவும் நோஞ்சான். எதிரில் இருக்கும் இன்புட்டின் இம்பீடன்ஸ் குறைவாக இருந்தால் பேஸ் எல்லாம் அங்கேயே வடிந்துபோய், காய்ந்த 'டிக் டிக்' மட்டும் மிஞ்சும். "என் கிட்டார் வீட்டில் நல்லாருக்கு, மிக்சர்ல குத்தினா தகரம் மாதிரி கேக்குது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் வியாதி. மிக்சரின் லைன் இன்புட் சில பத்தாயிரம் ஓம் இருந்தாலே பெரிது. பீஸோவுக்குக் குறைந்தது 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் வேண்டும். எல்ஆர் பேக்ஸ் கம்பெனியின் பாரா டிஐ என்ற ப்ரீஆம்ப் பெட்டி 10 மெகாஓம் இன்புட் வைத்தே பெயர் வாங்கியது.

கிட்டாரின் பக்கவாட்டில் வால்யூம், ட்யூனர் எல்லாம் வைத்து உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தால் கவலை இல்லை. அந்த ப்ரீஆம்ப் இந்த வேலையைச் செய்துவிடும். கேஅண்ட்கே ப்யூர் மினி மாதிரி பேட்டரி இல்லாத பிக்அப் என்றால் ஆம்பின் கிட்டார் இன்புட் விவரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அக்கூஸ்டிக் ஆம்ப் என்ற பெயரில் வருபவை இதைக் கணக்கில் வைத்தே செய்யப்படுகின்றன. வினையே ட்ராலி ஸ்பீக்கரில்தான்.

ட்ராலி ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். சக்கரம், இழுக்கும் கைப்பிடி, கலர் கலராக எரியும் லைட், இரண்டு வயர்லெஸ் மைக், ப்ளூடூத், எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல அக்கூஸ்டிக் ஆம்பின் விலையில் சின்னப் பங்குதான். பள்ளி ஆண்டு விழாவில் பேச, யோகா வகுப்பு எடுக்க, தெருமுனைக் கூட்டத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் அதை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் அதன் ஒலி பாட்டு போடுவதற்காக பேஸைத் தூக்கி வைத்தது. அதில் கிட்டாரின் ஆறாவது கம்பியைத் தொட்டால் 'தொம்' என்று உட்கார்ந்துவிடும், முதல் இரண்டு கம்பிகள் காணாமல் போகும். 'கிட்டார்' என்று எழுதிய ஓட்டை இருக்கும். அதற்குப் பின்னால் சாதாரண மைக் இன்புட்தான் பல பெட்டிகளில். கையில் காசு இல்லை, இதுதான் முடியும் என்றால், ஒரு நல்ல அக்கூஸ்டிக் ப்ரீஆம்ப் பெடலை நடுவில் போட்டு, பேஸை நன்றாகக் குறைத்து வாசியுங்கள். ஓட்டிவிடலாம்.

இப்போது வாட்ஸ். ஒரு காலத்தில் மியூசிக் சிஸ்டம் பெட்டிகளின் மேல் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டு ஃப்யூஸே தாங்காத அளவு. அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்போது 'பீக்' என்று எழுதுகிறார்கள். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள், அதுதான் தொடர்ந்து தரக்கூடியது. அதைக் கேட்டபிறகும் இன்னொரு விஷயம் மனதில் இருக்கட்டும். 30 வாட்ஸ் 60 ஆனால் ஒலி இரண்டு மடங்காகக் கேட்காது. 3 டெசிபல் கூடும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். ஆக, 30-க்கும் 60-க்கும் நடுவில் கிடந்து மண்டையைப் பிய்த்துக்கொள்வது வீண்.

இடம்தான் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஒலி 6 டெசிபல் விழும். இரண்டு மீட்டரில் நிற்கிறவருக்குக் கேட்பது நான்கு மீட்டரில் ஒரு படி குறையும், எட்டு மீட்டரில் இன்னொரு படி. கஃபேக்குள் இப்படி விழாது; சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும். அதனால்தான் 40 பேர் உட்காரும் கஃபேயில் 30 வாட்ஸ் பெட்டி ஒன்று பாதி வால்யூமில் ஜம்மென்று ஓடுகிறது. அதே பெட்டி பெசன்ட் நகர் கடற்கரையில் அலைச் சத்தத்தோடும் காற்றோடும் மல்லுக்கட்டி முன்வரிசையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மொட்டை மாடி இரண்டுக்கும் நடுவில். என் அனுபவத்தில், உள்ளரங்கம் மட்டும் என்றால் 30, வெளியிலும் வாசிப்பேன் என்றால் 50 அல்லது 60. அதற்கு மேல் தேவைப்படும் கூட்டம் என்றால் அங்கே சவுண்டுக்காரர் இருக்க வேண்டும். அது உங்கள் ஆம்பின் வேலை இல்லை.

கடற்கரை என்றதும் ஒன்று. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு. பேட்டரியில் ஓடும் குட்டிப் பெட்டிதானே என்று போலீஸ்காரரிடம் வாதாடிப் பயன் இல்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாட்ஸைவிடப் பெரிய எதிரி ஃபீட்பேக். ஊளை. கிட்டார்காரர்கள் மைக்தான் ஊளையிடும் என்று நினைப்பார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரே ஊளையிடும். அதன் வயிறு காற்று நிறைந்த பெட்டி. வழக்கமான ட்ரெட்நாட் கிட்டாரில் அந்தக் காற்று 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தானாக அதிர விரும்பும். ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியில் நாலாவது ஃப்ரெட் ஏறக்குறைய 104. ஆம்ப் பக்கத்தில் இருந்தால் அதன் ஒலி கிட்டாரின் மேல் பலகையைத் தள்ளும், பலகை கம்பியை அசைக்கும், பிக்அப் அதை எடுத்து மறுபடி ஆம்புக்கு அனுப்பும். 'ஊஊஊ' என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பும் பாருங்கள், நிறுத்த இரண்டு கையும் போதாது.

இதை வீட்டிலேயே பிடித்துவிடலாம். ஆம்பை நாலடி தள்ளி வைத்து, கம்பிகளைத் தொடாமல் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். முனகல் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எந்த ஸ்வரத்தில் முனகுகிறது என்று கம்பிகளில் தேடினால் பெரும்பாலும் நான் மேலே சொன்ன இரண்டு இடத்துக்கு நடுவிலோ பக்கத்திலோ இருக்கும். இப்போது ஆம்பில் நாட்ச் அல்லது 'ஆன்ட்டி-ஃபீட்பேக்' குமிழ் இருந்தால் அதைத் திருப்பி அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டுங்கள். முனகல் அடங்கும், மற்ற பேஸ் அப்படியே இருக்கும். 'ஃபேஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அமுக்கிப் பாருங்கள். சில இடங்களில் அது ஒன்றே போதும். கிட்டாரின் வட்ட ஓட்டையை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்று கிடைக்கிறது, மிக மலிவு, அதைப் பையில் போட்டு வைப்பது நல்லது. இந்த வசதிகள் எதுவும் இல்லாத ஆம்பில் பேஸ் குமிழைத்தான் குறைக்க வேண்டும். அப்போது கிட்டார் முழுவதுமே மெலிந்துவிடும். நான் ஆம்ப் பார்க்கும்போது கோரஸ், டிலே எல்லாம் தேடுவதில்லை. முதலில் நாட்ச், அடுத்து ஃபேஸ். ரிவெர்ப் கொஞ்சம் இருந்தால் சந்தோஷம். லூப்பர் இருந்தால் வீட்டில் விளையாடலாம்.

எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தனியாக வாசிப்பவர்கள் ஆம்பை முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள், தனக்கும் கேட்கும், கூட்டத்துக்கும் கேட்கும் என்று. ஆனால் அப்போது மைக்கின் வாய் நேராக ஸ்பீக்கரைப் பார்க்கிறது. எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் மைக்குக்கு முன்பக்கம்தான் காது. பின்பக்கம் கிட்டத்தட்ட செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தில் ஸ்பீக்கர் வர வேண்டும். உங்களுக்குப் பக்கவாட்டில், மைக் ஸ்டாண்டைவிட ஓரடி முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி வையுங்கள். தரையில் வைத்தால் பேஸ் வீங்கும், ட்ரெபிள் எல்லாம் முன்வரிசையின் முழங்காலோடு நின்றுவிடும். நம் ஊரின் சர்வரோக நிவாரணி பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதில் வைத்தால் உயரம் சரி, ஆனால் சில ஸ்வரங்களுக்கு நாற்காலியும் சேர்ந்து 'ஙொய்' என்று பாடும். மடித்த துண்டு ஒன்றை அடியில் போட்டால் அடங்கும். பெட்டியின் அடியில் ஸ்டாண்ட் செருகும் துளை இருந்தால் இந்தக் கதையே வேண்டாம்.

இனி கரன்ட். மண்டபத்திலும் கஃபேயிலும் கரன்ட் இருக்கிறதே, பேட்டரி எதற்கு என்பார்கள். ப்ளக் பாயின்ட் மேடையிலிருந்து முப்பதடி தள்ளி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடுவார்கள். கிடைத்தால் அதில் எர்த் பின் இருக்காது. ஆம்ப் 'ங்ங்ங்' என்று ரீங்காரம் போடும். வெளி விழாக்களில் ஜெனரேட்டரிலிருந்து வரும் கரன்ட்டில் சீரியல் செட்டும் காபி மெஷினும் கூடவே தொங்கிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓட்டினால் இந்த ரீங்காரத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே கரன்ட் உள்ள இடத்திலும் நான் பேட்டரியில் வாசிக்கிறேன்.

பேட்டரியில் மூன்று ஜாதி. முதலாவது டபுள்-ஏ செல். ரோலண்ட் ஏசி-33, கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் இரண்டும் எட்டு செல்லில் ஓடும். பொட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். அல்கலைன் வாங்க வேண்டும். டார்ச்சுக்குப் போடும் சாதா செல் இந்த இழுப்புக்குத் தாங்காது. அடிக்கடி வாசிப்பவர்கள் சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்லுக்கு மாறிவிடுங்கள், சீக்கிரமே போட்ட காசு திரும்பிவிடும். பழைய செல்லையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், வாசித்து முடித்து மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் கழற்றி வையுங்கள்; கசிந்தால் உள்ளே இருக்கும் தகடெல்லாம் பச்சை பூத்துவிடும். இரண்டாவது ஜாதி லெட்-ஆசிட், யுபிஎஸ்ஸில் இருப்பது. கனம் அதிகம். காலியான நிலையில் அப்படியே போட்டுவைத்தால் செத்துப்போகும். வாசித்துவிட்டு வந்த ராத்திரியே சார்ஜில் போடும் ஒழுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றாவது லித்தியம். இலகு, வலு, விலை. வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான்.

இன்னொன்று கவனியுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல ஆம்புகள் பவரைக் குறைத்துக்கொள்ளும். ரோலண்ட் ஏசி-33 கரன்ட்டில் 30 வாட்ஸ், செல்லில் 20. யமஹா டிஹெச்ஆர்30 வகை ஆம்பின் வயர்லெஸ் மாடல் கரன்ட்டில் 30, பேட்டரியில் 15. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வது நம் வழக்கம். பெட்டிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். '100-240' என்று இருந்தால் ப்ளக்கை மாற்றினால் போதும். '120' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் சித்தப்பாவின் பரிசு புகையாகிவிடும். தனி அடாப்டரில் ஓடும் மாடல் என்றால் இங்கே அதே அளவுள்ள கம்பெனி அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். வாரன்ட்டி இங்கே செல்லாது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து தூக்குவது. முதுகில் கிட்டார், தோளில் கேபிள் பை, கையில் மைக் ஸ்டாண்ட், அதற்குமேல் ஆம்ப். கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்து "லேசாத்தான் இருக்கு" என்று சொன்ன 10 கிலோ, லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி கஃபேயின் படிக்கட்டில் இருபதாகும். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் கால் வைக்கும் பலகைதான்: ஆம்ப் அதில் உட்கார்ந்தபிறகும் உங்கள் கால் ஊன்ற இடம் இருக்க வேண்டும். மார்ஷல் ஏஎஸ்50டி அருமையான பெட்டி, இரண்டு 8 அங்குல ஸ்பீக்கர். ஆனால் 16 கிலோ, பேட்டரி கிடையாது. காரும் ஓர் உதவியாளரும் இருப்பவர்களுக்கு.

மாடல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். விலை டாலரோடு சேர்ந்து ஆடுகிறது, அதனால் எண் போடவில்லை.

ரோலண்ட் ஏசி-33 இவற்றில் சிறியது. ஐந்து கிலோவுக்கும் குறைவு, இரண்டு 5 அங்குல ஸ்பீக்கர், ஆன்ட்டி-ஃபீட்பேக் உண்டு. கிட்டார் இதில் அழகாகக் கேட்கும், குரல் சுமார். வாத்திய இசை மட்டும் வாசிக்கிறவருக்கு, அல்லது மெல்லிய குரலில் சின்ன அறையில் பாடுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் 50 வாட்ஸ், ஏழரை கிலோ போல. பவரை மூன்று நிலையாகக் குறைத்துக்கொள்ளலாம், முழுப் பவரில் செல் 5 மணி நேரம் போல் தாங்கும். தெருவில் வாசிப்பதற்கென்றே செய்த பெட்டி. ஒலி அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் முரட்டுத்தனமாகத் தூரம் போகும்.

ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி சார்ஜ் 60 வாட்ஸ், ஆறரை அங்குல வூஃபர், தனி ட்வீட்டர். பிக்அப் செய்கிற கம்பெனி என்பதால் பீஸோவின் காய்ந்த ஒலியை எப்படிச் சாந்தப்படுத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபேஸ் பொத்தான் உண்டு. எடைதான் ஏறக்குறைய 10 கிலோ. பேட்டரி இல்லாத சாதா லவுட்பாக்ஸ் மினி கொஞ்சம் குறைவு.

போஸ் எஸ்1 ப்ரோ கிட்டார் ஆம்பே கிடையாது, சிறிய பி.ஏ. 7 கிலோ சொச்சம், லித்தியம் பேட்டரி, கம்பெனி கணக்கில் 11 மணி நேரம் வரை. நிமிர்த்தி வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் அதற்கேற்ப ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும். குரல் இதில்தான் மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவு. கிட்டாருக்கு நாட்ச் கிடையாது, அது குறை. ரப்பர் மூடியை மறக்காதீர்கள். ஜெர்மனியின் ஏஈஆர் காம்பேக்ட் 60-ஐப் பற்றிச் சொல்லாவிட்டால் கிட்டார் பிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். கிட்டார் கலைஞர் டாமி இம்மானுவேலின் மேடையில் பல வருடம் பார்த்திருப்பீர்கள், கறுப்புச் சின்னப் பெட்டி, ஆறரை கிலோ, ஒரே ஒரு 8 அங்குல ஸ்பீக்கர். அதன் நேர்மையான ஒலிக்கு நான் அடிமை. ஆனால் பேட்டரி இல்லை, விலை நம் ஊர் கஃபே சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாதது.

வாங்கும் முன் கடைக்கு நேரில் போங்கள். சென்னையில் அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகள் இருப்பது இதற்குத்தான். உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், உங்கள் மைக். மூன்றையும் கொண்டுபோங்கள், கடைக் கிட்டாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். குமிழ்கள் எல்லாம் நடுவில். முதலில் எதுவும் வாசிக்காமல் வால்யூமை ஏற்றி இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு 'இளைய நிலா'வின் தொடக்கத்தில் வரும் மாதிரி விரலால் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிற்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று வழிகிறதா என்று உடனே தெரியும். அடுத்து முழுக் கையால் ஓங்கி ஸ்ட்ரம் செய்யுங்கள். திணறுகிறதா பாருங்கள்; கடையில் திணறுவது கடற்கரையில் கிழியும். அதன்பிறகு பாடுங்கள். வெட்கப்படாதீர்கள், கடைக்காரர் இதைவிட மோசமானதையெல்லாம் கேட்டிருப்பார். பாடிமுடித்து, "அடுத்த பாட்டு 1982-ல் வந்தது" என்று சாதாரணமாகப் பேசுங்கள். பேச்சு தெளிவாக இருந்தால் பாட்டும் தெளிவாக இருக்கும். கூட வந்த நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடை வாசல்வரை நடந்துபோய்க் கேளுங்கள், ஏனென்றால் பெட்டிக்கு மேலே குனிந்துகொண்டு நீங்கள் கேட்பதைக் கூட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. கடைசியாக, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் அதே வால்யூமில் ஒரு பாட்டு.

பின்பக்கம் டிஐ அவுட் இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே வராதீர்கள். இன்றைக்குக் கஃபே, நாளைக்குக் கல்யாண ரிசப்ஷன். அங்கே சவுண்டுக்காரர் அண்ணன் வருவார்: "தம்பி, ஒரு லைன் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்." அந்த எக்ஸ்எல்ஆர் லைனை அவரிடம் கொடுத்துவிட்டால் மண்டபத்துக்கு அவர் பொறுப்பு, உங்கள் ஆம்ப் உங்களுக்கு மட்டும் கேட்கும் மானிட்டராகிவிடும். அந்த லைன் மாஸ்டர் வால்யூமுக்கு முன்னால் எடுக்கப்படுகிறதா, பின்னால் எடுக்கப்படுகிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பின்னால் என்றால், உங்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் குமிழைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மண்டபம் முழுக்க ஏறும், அண்ணன் முறைப்பார்.

ப்ளூடூத் இருந்தால் இடைவேளையில் பாட்டு போடலாம், பின்னணி ட்ராக் ஓட்டலாம். கிட்டாரையோ மைக்கையோ ப்ளூடூத்தில் இணைக்கும் யோசனையே வேண்டாம். விரல் மீட்டிய பிறகு ஒலி தாமதமாக வந்து சேரும், தாளம் கெடும்.

பழைய ஆம்ப் வாங்குவதில் தப்பே இல்லை. ஏசி-33 நன்றாகவே நீடித்து உழைக்கும் பெட்டி. செல் போடும் அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், எல்லாக் குமிழையும் திருப்பி கரகரப்பு கேளுங்கள், கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே சார்ஜ் பேட்டரி உள்ள மாடல் என்றால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பாடிக்கொண்டே வாசிக்கிற, ஸ்கூட்டரில் போகிற, கஃபேயிலும் மொட்டை மாடியிலும் வாசிக்கிற ஒருவர் இன்று என்னிடம் கேட்டால் எஸ்1 ப்ரோ வகைப் பெட்டியும் ஒரு ப்ரீஆம்ப் பெடலும் என்பேன். பாடாதவர் என்றால் ஏசி-33, யோசிக்கவே வேண்டாம். மிச்சப்படும் காசில் ஒரு நல்ல மைக் ஸ்டாண்டும், பத்தடிக்கு மேல் நீளமுள்ள நல்ல கேபிள் இரண்டும், கிட்டாருக்கு ஒரு உபரி 9 வோல்ட் பேட்டரியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கிட்டாரிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். செருகியே இருந்தால் அந்தப் பேட்டரி ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. இந்தப் பெட்டிகள் கெட்டுப்போனால் சர்வீஸ் செய்ய சென்னைக்கு வெளியே நல்ல ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை, நெல்லை பக்கம் ஆம்ப் திறந்து பார்க்கத் தெரிந்த நம்பகமான கடை உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.